அரை டஜன் வளையல்... ஒண்ணரை அடி பைப்... ஒரு ரயில் எஞ்சின்!



இந்த வாரம் உங்களை ஃபேன்ஸி ஸ்டோருக்கு அனுப்பப் போறேன். வளையல் வாங்க! 'யாருக்கு மச்சி?'ன்னு கண்ணடிக்கிற கோஷ்டி கொஞ்சம் அடங்குங்க. வளையல் ரயில் எஞ்சினுக்கு. 2.6 சைஸ், அரை டஜன், டிசைன் எதுவும் இல்லாத பிளெயின் மெட்டல் வளையல். அப்படியே பக்கத்து பிளம்பிங் கடையில ஒண்ணரை அடி பி.வி.சி. பைப். இந்த ரெண்டுல ஆரம்பிச்சு, ஒரு காலத்துல தமிழ்நாட்டு மீட்டர் கேஜ் பாதைகள்ல புகை விட்டுக்கிட்டு ஓடின ஒய்.பி. எஞ்சினை செஞ்சிடலாம். நீளம் கிட்டத்தட்ட 85 சென்டிமீட்டர். ஹாஸ்டல் கட்டில்ல பாதி!

பள்ளிக்கரணையில ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. இந்தப் பக்கம் வேளச்சேரி, அந்தப் பக்கம் தாம்பரம்னு ரெண்டு ஸ்டேஷனுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு பஸ்ஸுக்கு நிக்கிற ஊர் இது. ஆனா எஞ்சின் செய்யத் தேவையான அத்தனை கடையும் வேளச்சேரி - தாம்பரம் மெயின் ரோட்டை ஒட்டியே இருக்கு. பிளம்பிங் கடை, அலுமினிய ஜன்னல் கடை, பேனர் கடை, ஃபேன்ஸி ஸ்டோர், காயலான் கடை. மோட்டாருக்கு மட்டும் ஒரு தடவை ரிச்சி ஸ்ட்ரீட் போயிட்டு வந்தா போதும்.

'காசு இல்லாம எஞ்சின் செஞ்சா ஓடுமா?'ன்னு கேக்கறீங்க. ஓடும். எங்க கரெக்டா இருக்கணும், எங்க சுமாரா இருந்தா போதும்னு தெரிஞ்சா ஓடும். நம்ம சிலபஸ்ல 'டாலரன்ஸ்'னு ஒரு சாப்டர் வரும், ஞாபகம் இருக்கா? ரெண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணிட்டு மறந்த அதே சாப்டர்தான் இன்னிக்கு ஹீரோ.

முதல்ல ஹிஸ்டரி... ரெண்டே நிமிஷம்!

ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல ஒரு மீட்டர் இடைவெளி இருந்தா மீட்டர் கேஜ். பீச் - தாம்பரம் எலெக்ட்ரிக் ரயில் 1931 மே 11-ம் தேதி பொதுமக்களுக்காக ஓட ஆரம்பிச்சது இந்த மீட்டர் கேஜ்லதான். எழும்பூர் - தாம்பரம் நடுவுல கடைசி மீட்டர் கேஜ் எலெக்ட்ரிக் ரயில் ஓடினது 2004 ஜூலை 1. நம்மள்ல பாதி பேர் அப்போ பிறக்கவே இல்ல, மீதிப் பேர் தொட்டில்ல! இன்னிக்கு நாம ஃபுட்போர்டுல தொங்கிக்கிட்டுப் போறது அகலப் பாதை.

ஒய்.பி. எஞ்சின் 1949-லிருந்து 1970 வரைக்கும் மொத்தம் 871 கட்டப்பட்டது. முதல்ல வெளிநாட்டுக் கம்பெனிகள்கிட்டேருந்து வந்துச்சு. அப்புறம் ஜாம்ஷெட்பூர்ல டெல்கோ கட்டிச்சு. டெல்கோன்னா? கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரமாட்டாங்களான்னு மெக்கானிக்கல் பசங்க ஏங்கற டாடா மோட்டார்ஸோட பழைய பேர்தான். 1945-ல ஆரம்பிச்ச அந்தக் கம்பெனி முதல்ல செஞ்சது லாரி இல்ல, லோகோமோட்டிவ். 'டெல்கோ'வுல இருக்கிற 'எல்'லே அதுதான்!

ஒய்.பி.யோட பயோடேட்டாவை நோட்டுல எழுதிக்கோங்க. முன்னாடி 4 சின்னச் சக்கரம், நடுவுல 6 பெரிய சக்கரம், பின்னாடி 2. அதனால 4-6-2. பெரிய சக்கரத்தோட விட்டம் 1,372 மி.மீ. சிலிண்டர் விட்டம் 387 மி.மீ., பிஸ்டன் நகர்ற தூரம் 610 மி.மீ. பாய்லர் பிரஷர் சதுர இன்ச்சுக்கு 210 பவுண்டு. எஞ்சினும் டெண்டரும் சேர்ந்து சுமார் 19 மீட்டர்.

ஏன் 22.5-ஆல வகுக்கணும்?

1968-ல ஜெர்மனியோட நியூரம்பர்க்ல லேமன்ங்கிற பொம்மைக் கம்பெனி எல்.ஜி.பி.ன்னு ஒரு பெரிய சைஸ் மாடல் ரயிலைக் கொண்டுவந்தாங்க. தண்டவாள இடைவெளி 45 மி.மீ., ஸ்கேல் 22.5-ல ஒரு பங்கு. 1,000 மி.மீ.யை 22.5-ஆல வகுத்துப் பாருங்க. 44.4! அதாவது, அந்த 45 மி.மீ. தண்டவாளம் மீட்டர் கேஜுக்காகவே பிறந்தது. உலகம் முழுக்க தோட்டத்துல ரயில் விடற ஆசாமிகள் இன்னிக்கும் இந்த இடைவெளியைத்தான் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. அவங்க வாங்கற ரெடிமேட் எஞ்சினோட விலையைக் கேட்டா நமக்கு செமஸ்டர் ஃபீஸ் ஞாபகம் வரும். அதனால அந்தப் பக்கமே திரும்ப வேணாம். ஸ்கேலை மட்டும் சுட்டுக்குவோம், அதுக்குக் காசு கிடையாது.

ஒய்.பி.யோட பெரிய சக்கரம் 1,372-ஐ 22.5-ஆல வகுத்தா 61 மி.மீ. பிஸ்டன் நகர்ற தூரத்துல பாதி 305. அதை வகுத்தா 13.5 மி.மீ. சக்கரத்தோட சென்டர்லேருந்து இவ்வளவு தள்ளித்தான் ராடு மாட்டற பின் வரணும்.

'மத்த அளவுக்கெல்லாம் டிராயிங் வேணுமே?' வேணாம் பாஸ். பக்கவாட்டுல நேரா எடுத்த ஒரு போட்டோ போதும். தூரத்துல நின்னு ஜூம் பண்ணி எடுத்த போட்டோவா இருந்தா இன்னும் நல்லது, ஓரங்கள் வளையாது. அந்த போட்டோவுல பெரிய சக்கரத்தை ஸ்கேல் வெச்சு அளந்துக்கோங்க. உதாரணத்துக்கு 28 மி.மீ. வருதுன்னு வைங்க. நிஜத்துல அது 1,372. அப்போ போட்டோவுல ஒரு மி.மீ.ன்னா நிஜத்துல 49 மி.மீ. பாய்லரோட குறுக்களவு போட்டோவுல 34 மி.மீ. வந்தா நிஜத்துல 1,666. அதை 22.5-ஆல வகுத்தா 74. பிளம்பிங் கடையில 75 மி.மீ. பைப் தயாரா தொங்குது! ஒரே ஒரு நிஜ அளவு தெரிஞ்சா, மிச்ச எஞ்சின் முழுக்க கணக்குல வந்து நிக்கும்.

வளையல் வந்த கதை

ரயில் சக்கரத்துக்கும் சைக்கிள் சக்கரத்துக்கும் என்ன வித்தியாசம்? ரயில் சக்கரத்தோட உள்பக்க ஓரத்துல ஒரு விளிம்பு இருக்கும். ஃபிளாஞ்ச். சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்காம புடிச்சுக்கிறது அதுதான். லேத்துல கடைஞ்சா காசு. அதனால சக்கரத்தை ரெண்டு துண்டா யோசிங்க.

முதல் துண்டு, வட்டமான பிளைவுட். கார்பென்டர்கள்கிட்ட, லைட் மாட்டறவங்ககிட்ட 'ஹோல் சா'ன்னு ஒரு சாமான் இருக்கும். டிரில்லிங் மெஷின்ல மாட்டி வட்ட ஓட்டை போடறது. 64 மி.மீ. ஹோல் சாவுல ஓட்டை போட்டா, பல்லோட தடிமன் போக உள்ளே சிக்கற வட்டத் துண்டு 60 மி.மீ.க்குப் பக்கத்துல இருக்கும். அவங்களுக்கு அது குப்பை, நமக்கு அது சக்கரம்! இன்னொரு போனஸ், அந்தத் துண்டுக்கு நடு சென்டர்ல டிரில் பிட் போட்ட ஓட்டை ஏற்கெனவே இருக்கும். 9 மி.மீ. பிளைவுட்ல ஆறு துண்டு வாங்கிக்கோங்க.

ரெண்டாவது துண்டு, வளையல். 2.6 சைஸ்னா 2.6 இன்ச்னு நினைச்சுடாதீங்க. வளையல் கடைக் கணக்கு வேற. 2 இன்ச்சும், ஒரு இன்ச்சை 16-ஆ பிரிச்சா அதுல 6 பங்கும். அதாவது உள்விட்டம் 2.375 இன்ச், 60.3 மி.மீ. 60 மி.மீ. பிளைவுட் வட்டத்து மேல அளவெடுத்துத் தெச்ச மாதிரி உக்காரும். சுமார் 2 மி.மீ. தடிமன் இருக்கிற வளையலா பொறுக்கி, வட்டத்தோட ஒரு ஓரத்துல அரால்டைட் போட்டு ஒட்டிட்டா ஃபிளாஞ்ச் ரெடி. (நாலு பசங்க கும்பலாப் போய் வளையலை உத்து உத்துப் பார்த்தா கடை அக்கா ஒரு மாதிரியாத்தான் பார்ப்பாங்க. 'புராஜெக்ட்க்கா'ன்னு சொல்லிடுங்க!)

61 வேணும், நம்மகிட்ட இருக்கறது 60. பரவாயில்லையா? தாராளமா. ஒரு மி.மீ. குறைஞ்சா எவன் கண்ணுக்கும் தெரியாது. ஆனா ஆறு சக்கரமும் ஒண்ணுக்கொண்ணு சமமா இருக்கணும், அங்க விளையாட முடியாது. ஒண்ணு மட்டும் சின்னதா இருந்தா ஒரு சுத்துல அது குறைவான தூரம் போகும், ராடு இழுத்துப் பிடிச்சு சக்கரம் வழுக்கும். அதனால ஒட்டறதுக்கு முன்னாடி ஆறு வட்டத்தையும் ஒரே போல்ட்ல கோத்து, நட்டு போட்டு இறுக்கி, டிரில்லிங் மெஷின்ல சுத்த விட்டு உப்புக் காகிதம் பிடிங்க. 60-ஆ 59.6-ஆன்னு கவலை வேணாம். ஆறும் ஒரே அளவு ஆயிடும்.

அச்சுக்கு ஹார்டுவேர் கடையில 6 மி.மீ. த்ரெட் ராடு. ரெண்டு பக்கமும் சக்கரத்தை நட்டு - வாஷர் போட்டு டைட் பண்ணலாம், வேணும்னா லூஸ் பண்ணித் திருப்பலாம். எதிரெதிர் சக்கரங்களோட உள்பக்கத்துக்கு நடுவுல 40 மி.மீ. வைங்க. ரெண்டு வளையலும் சேர்ந்து 4 மி.மீ. ஆச்சா 44? தண்டவாளம் 45. பக்கத்துக்கு அரை மி.மீ. ஆட்டம் மிச்சம். இந்த 40-ஐ மட்டும் ஒவ்வொரு அச்சுக்கும் ஸ்கேல் வெச்சு செக் பண்ணுங்க, இது கெட்டா வண்டி தடம் புரளும்.

தண்டவாளமா? ஜன்னல் கடையில அரை இன்ச் அலுமினிய 'எல்' ஆங்கிள் வெட்டுத் துண்டு எடைக்குக் கிடைக்கும். படுத்திருக்கிற பக்கம் வெளியே பார்க்கிற மாதிரி மரச்சட்டத்துல ஸ்க்ரூ பண்ணுங்க. நிக்கிற பக்கங்களுக்கு நடுவுல 45. வளைவு வேணும்னா நடு ஜோடி சக்கரத்துக்கு வளையல் போடாதீங்க. பெரிய எஞ்சின்கள்லகூட ஃபிளாஞ்ச் இல்லாத நடுச் சக்கரம் உண்டு.

தப்பா இருந்தாலும் ஒரே மாதிரி தப்பு!

இப்போ மேட்டரோட ஹார்ட்டுக்கு வர்றோம். மூணு அச்சையும் ஒரே நேரத்துல சுத்த வைக்கிறது பக்கவாட்டுல மேலயும் கீழயும் போற அந்த நீள ராடு. கப்ளிங் ராடு. அச்சுக்கு அச்சு எவ்வளவு தூரமோ, ராடுல ஓட்டைக்கு ஓட்டை அதே தூரம் இருக்கணும். அரை மி.மீ. மாறினாலும் சக்கரம் பாதி சுத்துல 'கடக்'னு நின்னுடும்.

வெர்னியர் காலிப்பர் இல்லாம எப்படி? ஃப்ரேமுக்கு ரெண்டு அலுமினியப் பட்டை, ராடுக்கு ரெண்டு பட்டை. நாலையும் அடுக்கி, சி-கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒரே தடவையில மூணு ஓட்டையும் போட்டுடுங்க. நீங்க குறிச்ச இடம் ஒரு மி.மீ. தள்ளிப் போயிருந்தாலும் நாலு பட்டையிலயும் ஒரே மாதிரி தள்ளியிருக்கும். அது போதும்! அப்புறம் ஃப்ரேம் ஓட்டையை மட்டும் பெருசாக்கி 626 நம்பர் பேரிங் உக்கார வைங்க. உள்விட்டம் 6 மி.மீ., வெளிவிட்டம் 19 மி.மீ.

பின் அடிக்கிற ஓட்டைக்கும் இதே டெக்னிக். ஒரு சின்னப் பட்டையில 6 மி.மீ. ஓட்டை ஒண்ணு, 13.5 மி.மீ. தள்ளி 3 மி.மீ. ஓட்டை ஒண்ணு. இதை ஒவ்வொரு சக்கரத்து மேலயும் போல்ட் பண்ணி, அந்தச் சின்ன ஓட்டை வழியாவே டிரில் பண்ணுங்க. ஒர்க்‌ஷாப் லேப்ல 'ஜிக்'னு ரெக்கார்டுல படம் வரைஞ்சோமே, அது இதுதான்.

அடுத்து குவார்ட்டரிங். (நீங்க நினைக்கிற குவார்ட்டர் இல்ல மச்சி!) இடது பக்கச் சக்கரத்தோட பின் 12 மணியில நின்னா, வலது பக்கப் பின் 3 மணியில நிக்கணும். கால் சுத்து வித்தியாசம், 90 டிகிரி. ஏன்?

சைக்கிள் பெடல் ஒண்ணு உச்சியிலயும் இன்னொண்ணு அடியிலயும் நிக்கும்போது மிதிச்சுப் பாருங்க. எவ்வளவு அழுத்தினாலும் நகராது. எஞ்சின்ல பிஸ்டன் ஓரத்துக்குப் போய் நிக்கிற அந்த நிமிஷம்தான் டெட் சென்டர். ஒரு பக்கம் செத்துக் கிடக்கும்போது இன்னொரு பக்கம் முழு பலத்தோட தள்ளணும்னுதான் 90 டிகிரி. ஸ்டேஷன்ல எந்த நிலையில நின்ன எஞ்சினும் திரும்பக் கிளம்பறதுக்கு இதுதான் காரணம். பழைய சினிமாவுல ஸ்டீம் எஞ்சின் கிளம்பும்போது வர்ற 'குப்... குப்...' சத்தத்தை எண்ணிப் பாருங்க. ரெண்டு சிலிண்டர், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்கமும் ஸ்டீம். சக்கரம் ஒரு சுத்து சுத்த நாலு 'குப்'.

நம்ம மாடல்ல, கண்ணாடி மேல அச்சை வெச்சு செட் ஸ்கொயர் பிடிச்சு 90 செட் பண்ணுங்க. 89 ஆனாலும் ஓகே. ஆனா மூணு அச்சும் அதே 89-ஆ இருக்கணும். திரும்பத் திரும்ப ஒரே விஷயம் வருதுல்ல? அதான் சமாச்சாரமே.

மோட்டாரும் மேக்கப்பும்

12 வோல்ட் கியர் மோட்டார். ரோபோட்டிக்ஸ் பசங்க யூஸ் பண்றது. மொத்த செலவுல இதுதான் பெரிய ஐட்டம், அதுவும் சில நூறு ரூபாய்ல முடிஞ்சிடும். எந்த ஸ்பீடு வாங்கறது? சக்கரத்தோட சுற்றளவு கிட்டத்தட்ட 19 சென்டிமீட்டர். 100 ஆர்.பி.எம்.ல ஓட்டினா நொடிக்கு 32 சென்டிமீட்டர். 22.5-ஆல பெருக்கினா நிஜத்துல மணிக்கு 26 கிலோமீட்டர் போற மாதிரி இருக்கும். 300 ஆர்.பி.எம். வாங்கினா 78 கிலோமீட்டர். எக்ஸ்பிரஸ் வேணுமா, பாசஞ்சர் வேணுமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க! காயலான் கடையில கிடக்கிற பழைய பிரின்டர்ல, ஒரே எண்ணிக்கையில பல் இருக்கிற கியர் ரெண்டு பார்த்துக் கழட்டி, ஒண்ணை மோட்டார்லயும் ஒண்ணை நடு அச்சுலயும் மாட்டிடுங்க. பேட்டரி டெண்டருக்குள்ள. தண்டவாளத்துல கரன்ட் விடற வேலையே இல்ல, அதனாலதான் மரச் சக்கரம் போதும்னு சொன்னேன்.

உடம்புக்கு வாங்க. இங்கதான் ஜாலி, ஏன்னா எதுவுமே கரெக்டா இருக்க வேணாம். பாய்லர் பி.வி.சி. பைப். மேல இருக்கிற டோமுக்கு டேபிள் டென்னிஸ் பந்துல பாதி. டிரைவர் கேபினுக்கும் டெண்டருக்கும் பேனர் கடையில தூக்கிப் போடற சன் போர்டு வெட்டுத் துண்டு. கைப்பிடிக் கம்பிக்கும் பிஸ்டன் ராடுக்கும் சைக்கிள் போக்ஸ் கம்பி. சிலிண்டருக்கு தடி மார்க்கர் பேனாவோட கூடு. ரிவெட்டுக்கு? மறுபடியும் ஃபேன்ஸி ஸ்டோர்! இருக்கறதிலேயே சின்ன சைஸ் ஸ்டிக்கர் பொட்டை வரிசையா ஒட்டி, மேல கறுப்பு பெயின்ட் அடிச்சா அசல் ரிவெட். மறக்காம பைப்புக்குள்ள பழைய நட்டு போல்ட்டா போட்டு நிரப்புங்க. பெரிய சக்கரங்கள் மேல எடை இல்லேன்னா சக்கரம் நின்ன இடத்துலயே சுத்தும், வண்டி நகராது.

இதுல முக்கால்வாசி சாமான் இல்லேன்னா எங்க போயிருக்கும் தெரியுமா? நம்ம சதுப்பு நிலத்தை ஒட்டியிருக்கிற பெருங்குடி குப்பைக் கிடங்குக்கு. 2022-ல ராம்சார் பட்டியல்ல இடம் பிடிச்ச பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு உங்க பங்குக்கு ரெண்டு கிலோ பாரம் குறையுது. ஏதோ நம்மால முடிஞ்சது!

பாய்லர் மட்டும் வேணாம் பாஸ்!

'மோட்டார் வெச்சு ஓட்டறது டுபாக்கூர் மச்சி, நிஜமா தண்ணி கொதிக்க வெச்சு ஸ்டீம்ல ஓட்டலாமே?'ன்னு ஒரு குரூப் கிளம்பும். முடியும். ஏற்கெனவே செஞ்சு காட்டின ஆள் இருக்கார். இங்கிலாந்துல முன்னாள் ரயில்வே தொழிலாளி ஒருத்தர், தான் வேலை பார்த்த ரயில்வேயோட பேரையே சுருக்கி எல்.பி.எஸ்.சி.ன்னு புனைபெயர் வெச்சுக்கிட்டார். 1920-கள்ல, சின்ன எஞ்சின்ல நிலக்கரி போட்டு எரிச்சு ஆளை இழுக்க முடியாதுன்னு பெரிய பெரிய மாடல் கம்பெனிகளே நம்பிக்கிட்டு இருந்தப்ப, 'ஆயிஷா'ங்கிற தன்னோட குட்டி எஞ்சின்ல ஆளை உக்கார வெச்சு இழுத்துக் காட்டினார். தண்டவாளத்து அகலம் வெறும் இரண்டரை இன்ச்! 1924-லிருந்து 'மாடல் எஞ்சினியர்' பத்திரிகையில, சாதாரணத் தொழிலாளி வீட்டுல சின்ன லேத் வெச்சு எஞ்சின் செய்யறது எப்படின்னு பல வருஷம் காலம் எழுதினார். நம்ம காலத்துக்கெல்லாம் தாத்தா!

ஆனா அவர் பாய்லர் வேலையே தெரிஞ்ச மனுஷன், செஞ்சது செப்புத் தகட்டுல. நாம வெச்சிருக்கறது பி.வி.சி., கொதிக்கிற தண்ணி பட்டாலே வளைஞ்சிடும். சரி, இரும்பு பைப்ல வெல்டிங் பண்ணலாமா? கணக்கைப் பாருங்க. வீட்டு குக்கர் விசில் அடிக்கிறது சதுர இன்ச்சுக்கு சுமார் 15 பவுண்டு பிரஷர்ல. ஒய்.பி. எஞ்சின் 210. ஒரு லிட்டர் தண்ணி முழுக்க ஆவியானா 1,600 லிட்டருக்கு மேல ஸ்டீம். வெல்டிங் விட்டுப் போச்சுன்னா அது அறை முழுக்க ஒரே நொடியில வரும். முகத்துலதான் வரும்.

இந்த ஹாபியில பழுத்தவங்ககூட புது பாய்லரை நெருப்புல வைக்கிறதுக்கு முன்னாடி, பச்சைத் தண்ணி நிரப்பி ரெண்டு மடங்கு பிரஷர் ஏத்தி டெஸ்ட் பண்ணுவாங்க. தண்ணி அமுங்காது, அதனால அதுல சக்தி சேர்ந்திருக்காது. வெடிப்பு விட்டா பீச்சி அடிச்சிட்டு நின்னுடும், சிதறாது. அந்த டெஸ்ட் வசதியும் பக்கத்துல ஒரு அனுபவசாலியும் கிடைக்கிற வரைக்கும் பாய்லர் பக்கம் போகாதீங்க. 'சுமாரா இருந்தா போதும்'ங்கிற வார்த்தையே செல்லாத இடம் அது.

சின்ன பாய்லருக்கு இன்னொரு இயற்கைத் தடையும் உண்டு. 22.5 மடங்கு சுருக்கினா வெளிப்பரப்பு 506 மடங்கு குறையுது, ஆனா உள்ளே பிடிக்கிற தண்ணி 11,390 மடங்கு குறையுது. ஒவ்வொரு சொட்டுக்கும் சூட்டை இழக்கிற பரப்பு 22.5 மடங்கு ஜாஸ்தி. டீயை அண்டாவுல வெச்சா ஆறாது, டம்ளர்ல ஊத்தினா ஆறிடும், அதே கதைதான். ஆயிஷா ஜெயிச்சது ஏன் பெரிய விஷயம்னு இப்போ புரியுதா?

பொன்மலையில செஞ்சதும் இதே வேலைதான்

சைஸ்தான் வேற. திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல, ஊட்டி மலை ரயிலுக்காக நிலக்கரியில ஓடற புது எக்ஸ் கிளாஸ் ஸ்டீம் எஞ்சினை 2021-ல செஞ்சு வெளியே விட்டாங்க. பழசைத் தட்டி பெயின்ட் அடிக்கல, புத்தம் புதுசு! ஒரிஜினல் எஞ்சின்கள் ஸ்விட்சர்லாந்தோட விண்டர்தூர்ல எஸ்.எல்.எம். கம்பெனி ஒரு நூற்றாண்டுக்கு முன்னாடி செய்ய ஆரம்பிச்சது. ஸ்பேர் பார்ட்ஸ் வேணும்னா எந்தக் கடையில போய்க் கேப்பீங்க? எல்லாத்தையும் வார்த்து, கடைஞ்சு, அளந்து, நம்ம ஊர் ஆளுங்களே செஞ்சாங்க.

அதுக்கு முன்னாடி 2010-ல பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் இன்னொரு கூத்து பண்ணிச்சு. 1855-ல இங்கிலாந்தோட லீட்ஸ்ல செஞ்ச இ.ஐ.ஆர். 21 எஞ்சின், 1909-ல ரிட்டயர் ஆகி, ஒரு நூறு வருஷம் வெறும் காட்சிப் பொருளா நின்னது. நிறைய பாகம் இல்லாத கூடா வந்த அதை ரெடி பண்ணி, 2010 சுதந்திர தினத்தன்னிக்கு சென்னையில ஓட விட்டாங்க. அங்கயும் கேள்வி இதேதான். எதைப் புதுசா செய்யலாம், எதை மாத்தலாம், எந்த அளவுல கை வைக்கவே கூடாது?

கடைசியா ஒரு விஷயம்...

நம்ம காலேஜ் உலகத்துல ஒரு ரகசியம் இருக்கு, எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம். புராஜெக்ட் ரெடிமேடா கிடைக்கும். காசு கொடுத்தா மாடல், ரிப்போர்ட், பி.பி.டி., 'வைவாவுல என்ன கேப்பாங்க' லிஸ்ட் உள்பட பார்சல். வாங்கறவன் எல்லாம் சோம்பேறின்னு நான் சொல்ல மாட்டேன். அரியர், பார்ட் டைம் வேலை, வீட்டுப் பிரச்னைன்னு ஆயிரம் இருக்கு. நிறைய பேர் வாங்கறதுக்குக் காரணம் பயம்தான். 'நமக்கு லேத் ஓட்டத் தெரியாது, துல்லியமா செய்ய வராது, காசும் கிடையாது'ங்கிற பயம்.

அந்த பயத்துக்குத்தான் வளையலைக் காட்டினேன். இந்த எஞ்சின் முழுக்கத் தேடினாலும் நிஜமா துல்லியம் வேண்டிய இடம் நாலுதான். ஆறு சக்கரமும் சமம், உள்பக்க இடைவெளி 40, ராடு ஓட்டைகளும் அச்சு ஓட்டைகளும் ஒண்ணு, மூணு அச்சுக்கும் ஒரே கோணம். நாலுக்குமே விலை உயர்ந்த கருவி தேவைப்படல. அடுக்கி வெச்சு ஒண்ணா ஓட்டை போடற அறிவு தேவைப்பட்டுச்சு. பாக்கி நூறு இடத்துல நீங்க எவ்வளவு சொதப்பினாலும் எஞ்சின் ஓடும்.

எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கண்ணாடியை இறக்கி விட்டுக்கிட்டு, 'ஏம்ப்பா, இந்த ரெண்டு பக்கமும் பின் ஏன் வேற வேற இடத்துல இருக்கு?'ன்னு கேப்பார். வாங்கினவன் லிஸ்ட்ல அந்தக் கேள்வி இருக்காது. செஞ்சவன் லிஸ்ட்டையே தேட மாட்டான். அந்த 90 டிகிரியை செட் பண்ண ராத்திரி ஒரு மணி வரைக்கும் நட்டைத் திருகினது அவன் கைதானே!

சனிக்கிழமை ஃப்ரீயா? பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கத்துல சென்னை ரயில் மியூசியம் இருக்கு. ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கிட்டுப் போங்க. ஏதாவது ஒரு ஸ்டீம் எஞ்சின் பக்கத்துல நின்னு, இடது பக்கப் பின் எங்க இருக்குன்னு பார்த்துட்டு, சுத்திப் போய் வலது பக்கத்தையும் பாருங்க. திரும்பி வர்ற வழியில வளையல் வாங்கிடுங்க. 2.6 சைஸ், மறந்துடாதீங்க. 2.8 வாங்கினா லூஸா கழண்டு வரும். வேற யாருக்காவது கொடுத்துக்கலாம்னு பிளான் இருந்தா அது உங்க சாமர்த்தியம்!

அடுத்த வாரம் மீட் பண்ணலாம். ஜூட்!